ஈசானிய மூலையில் ஏழு கதவுகள்

சிலந்தி விஷயமாக யாரும் அம்பாசமுத்திரத்திலிருந்து பெங்களூர் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் போனேன்.

என் தங்கை வடிவு தொலைபேசியில் சொன்னது இதுதான்: "அண்ணே, நீ ஒருதடவ வந்துட்டுப் போ. உன் மாப்பிள்ளை சைட்டுல பூச்சி இருக்குன்னு வீடு கட்ட மாட்டேங்காரு."

கரையானா என்று கேட்டேன். கரையான் என்றால் மருந்து அடிக்கலாம்.

"கரையான்னா உன்னை எதுக்குக் கூப்பிடுதேன்? சிலந்தி. மண்ணுக்குள்ள கதவு போட்டுக் குடியிருக்காம். அதுக்கு மாப்பிள்ளை வார வரைக்கும் மண்ணைத் தொடக்கூடாதாம்."

மாப்பிள்ளை என்று அவள் இரண்டு முறை சொன்னாள். இரண்டும் ஒரே ஆள் இல்லை என்பது எனக்குப் பெங்களூர் போன பிறகுதான் தெளிந்தது. முதல் மாப்பிள்ளை, அவள் கணவர் லோகநாதன். இரண்டாவது, சிலந்திக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை.

நான் பத்திரம் எழுதுகிறவன். 'மனை' என்ற சொல்லை எழுதாமல் எனக்கு ஒரு வேலைநாள் போனதில்லை. நான்கு எல்லை சொல்வதும், பாகத் தகராறில் இரண்டு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதும் தொழிலோடு வந்த பழக்கங்கள். அதை நம்பித்தான் வடிவு என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இதுவரை என் பெஞ்சில் எட்டுக் கால் உள்ள கட்சிக்காரர் யாரும் உட்கார்ந்ததில்லை.

மடிவாளாவில் பேருந்தை விட்டு இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் மார்கழியில்கூட நான் கம்பளிச் சட்டை போடுவதில்லை. இங்கே அதை எடுப்பதற்காகப் பையைத் திறந்தேன். அது, நான் எதிர்பார்த்தபடியே, எதிர்பார்த்த இடத்தில் இருந்தது. பயணத்தில் நான் நினைத்தபடி நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் திரும்பி, "மனெ எல்லி சார்?" என்றார். எல்லி என்றால் எங்கே என்பது எனக்குத் தெரியும். என் தங்கையின் மனை விவகாரம் ஆட்டோக்காரர் வரைக்கும் பரவிவிட்டதே என்று எனக்கு ஆச்சரியம். "மனை பொம்மனஹள்ளி தாண்டி உள்ளே போகணும்" என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டியைத் தெற்கே விட்டார்.

வடிவின் வீடு இருப்பது தொம்மலூரில், வடக்கே. பொம்மனஹள்ளி மேம்பாலத்துக்கு அடியில் நின்றுகொண்டு அவளுக்குப் போன் செய்தபோது அவள் சிரித்து முடிக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அண்ணே, இங்க மனென்னா வீடு. நம்ம மனைக்கு இங்க சைட்டு. அவர் வீடு எங்கன்னு கேட்டா நீ காலி எடத்தைக் காட்டினா எப்படி?"

ஓட்டுநர் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டே எதையோ சொன்னார். மெதுவாகச் சொன்னதால் புரிந்தது: வீடு எங்கே என்று தெரியாமல் ஏறுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய, ஆனால் அவர்கள் ஏறுவது ராத்திரியில்.

வடிவும் லோகநாதனும் இருப்பது மாடிப் பகுதி. பழைய கிராமத்து வீடுகள் ஒட்டி நிற்கும் சந்து. சந்து முடிகிற இடத்தில் கண்ணாடி போட்ட அலுவலகக் கட்டடம் எழும்பி நின்று வெயிலை மறைக்கிறது. கீழே வீட்டுக்காரர் குடியிருக்கிறார்கள். காலைப் பலகாரம் தட்டு இட்லி. ஒரு இட்லி, தட்டு நிறைய இருந்தது. சாம்பாரில் வெல்லம். எங்கள் ஊர்ச் சாம்பாரில் வெல்லத்தைப் போட்டால் கை தவறி விழுந்துவிட்டது என்று நினைப்பார்கள். இங்கே அளந்து போடுகிறார்கள். இரண்டாம் கரண்டிக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் பாதி இட்லியில் இருந்தபோது கதவு தானாகத் திறந்தது. வீட்டுக்காரரின் மனைவி ஜெயம்மா உள்ளே வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார், அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், மோட்டார் போட்டாயிற்றா என்று கேட்டார், மனெ எப்போது என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார். எல்லாம் பிரியமாகத்தான்.

"தட்டிட்டு வரமாட்டாங்களா?" என்றேன்.

"கதவு அவங்களோடது. அவங்க கதவை அவங்க எதுக்குத் தட்டணும்?" என்றாள் வடிவு. அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் லோகநாதன் என்னை மனைக்கு அழைத்துப் போனார். அவருடைய தாத்தா மைசூர் சமஸ்தான வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். லோகநாதன் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து அண்மையில் விருப்ப ஓய்வு வாங்கியவர். கையில் ஒரு குடை, ஒரு டார்ச், முட்டிக்கு வைத்துக்கொள்ள ஒரு சின்ன மெத்தை. பேருந்தில் பெரும்பாலும் நின்றோம். பேருந்தும் பெரும்பாலும் நின்றது. பக்கத்தில் நின்ற பையன் போனில், "பத்து நிமிசத்துல வந்துடுவேன் சார்" என்று தமிழில் சொன்னான். அவன் சொன்ன பத்து நிமிடம் முடிந்தபோதும் நாங்கள் அதே விளம்பரப் பலகைக்கு எதிரேதான் இருந்தோம். எங்கள் ஊரில் பேருந்து தாமதமானால் நடத்துநரைத் திட்டுவார்கள். இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல, முட்டைக்கோஸ் நறுக்காத குறையாக, மடிக்கணினியைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

சைட் நல்ல சைட். கிழக்குப் பார்த்தது. தெற்கே முடிந்த வீடு, மேற்கே பாதி வீடு, வடக்கே இன்னொரு காலி மனை, கிழக்கே மண் சாலை. நான் என்னை அறியாமல் நான்கு எல்லையையும் வாய்க்குள் சொல்லி முடித்திருந்தேன். நிலம் வடகிழக்கில் சற்றுத் தாழ்ந்து, அந்த மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவப்பு மண் கரை. கரையில் பாசி.

"பாருங்க மச்சான்" என்றார் லோகநாதன்.

பார்த்தேன். மண்.

"ஸ்வல்ப குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். பக்கத்து மண்.

அவர் மெத்தையை என் முட்டிக்குக் கீழே தள்ளினார். நான் ஒரு எழுத்துப் பிழையைத் தேடுவதுபோல இடமிருந்து வலமாக, வரி வரியாகக் கரையைப் படித்தேன். மூன்றாவது வரியில் ஒரு பிறை தெரிந்தது. நகத்தால் கீறியது போன்ற மெல்லிய வளைவு. அதைக் கண்டபிறகு மீதி வட்டம் கண்ணுக்கு வந்தது. குங்குமச் சிமிழின் மூடி அளவு. மேலே அதே மண், அதே பாசி. ஒரு பக்கம் மட்டும் பட்டு நூலால் கீல்.

"கதவு" என்றேன்.

"ஏழு இருக்கு" என்றார் லோகநாதன், ஏழு பெண்களைப் பெற்றவர் போல.

எல்லைக்கல் பார்க்க வந்த ஒரு நாள், மூடி ஒன்று எழும்பி ஒரு எறும்பை உள்ளே இழுத்துக்கொண்டு மூடியதை அவர் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து ஓய்வூதியம் தவிர அவருக்கு இதுதான் எல்லாம். கல்லூரிப் பேராசிரியை ஒருவரை வரவழைத்துக் காட்டியிருக்கிறார். இதைப்போல வேறு சில வகை உண்டு, இது அவற்றோடு ஒத்துப்போகவில்லை, பெயரே இல்லாத வகையாக இருக்கலாம், வளர்ந்த ஆண் கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆண் சிலந்தி வளர்ந்ததும் தன் வளையை விட்டுக் கிளம்பிவிடுமாம். மழை பெய்து மண் நனைந்த பிறகு பெண் தேடி அலையுமாம்.

"பெண்ணு?"

"அது எங்கயும் போகாது மச்சான். ஒரே எடம். வருசக் கணக்குல. உடம்பு வளர வளர வீட்டையும் கதவையும் பெருசு பண்ணிக்கும், அவ்ளோதான். நாம சைட்டு வாங்கறதுக்கு முன்னாடியே இங்க இருந்திருக்கும்."

"பட்டா உண்டா?"

"பட்டா இல்ல. அனுபவ பாத்தியதை."

"அப்போ வில்லங்கம் பாக்காம வாங்கிட்டீங்க, மாப்பிள்ளை."

"இந்த வில்லங்கம் எந்தச் சான்றிதழ்லயும் வராது" என்றவர், ஒரு புல்லைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். "மூடியை மெதுவா தூக்கிப் பாருங்க. சும்மனே, லேசா."

புல் நுனியைப் பிறைக்குள் நுழைத்து நெம்பினேன். மூடி ஒரு மயிரிழை எழும்பியது. உடனே உள்ளேயிருந்து யாரோ அதைப் பிடித்து இழுத்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் நெம்பினேன். அங்கேயும் இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள். புல் வளைந்ததே தவிர கதவு திறக்கவில்லை. என் விரலுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு புல்தான் இருந்தது. அந்தப் பிடிவாதம் அதன் வழியே அப்படியே வந்து சேர்ந்தது. நான் புல்லை எடுத்துவிட்டு, "மன்னிக்கணும்" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று யோசித்தேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கரை இருப்பது ஈசானிய மூலை. வாஸ்துப்படி அங்கே நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி வர வேண்டும். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு இது விளங்காது. பெங்களூரில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்துத் தொட்டியில் வைத்தால்தான் வீடு. அந்தத் தொட்டியை இவர்கள் சம்ப் என்கிறார்கள். வடிவு வரைபடத்தில் சமையலறையை மாற்றச் சம்மதிப்பாள், படியைத் திருப்பச் சம்மதிப்பாள், சம்ப்பை அசைக்க மாட்டாள்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் ஒரே தட்டில் உப்புமாவும் கேசரியும் வைத்துக் கொடுத்தார்கள். இதற்கு இங்கே தனிப் பெயரே உண்டு. எதை முதலில் சாப்பிடுவது என்று கேட்டேன். "மாத்தி மாத்தி" என்றார் லோகநாதன். அவரும் அப்படித்தான் பேசினார்: ஒரு வாய் வடிவுக்காக வருத்தம், ஒரு வாய் சிலந்தி.

அன்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. வடிவு கத்தரிக்காய்ச் சாதத்தைப் பரிமாறிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"மழை எப்ப வரும்?"

"வரும்" என்றார் லோகநாதன்.

"மழை வந்து, மாப்பிள்ளை வரலைன்னா?"

"அடுத்த மழைக்கு வரும்."

"வந்து, அவளுக்குப் பிடிக்கலைன்னா?"

லோகநாதன் சாதத்தைப் பார்த்தார்.

"ஊர்ல எனக்கு மாப்பிள்ளை பாக்கும்போதுகூட இவ்வளவு நாள் காத்துக் கிடக்கலை, அண்ணே. ஒரு பூச்சிக்கு ஜாதகம் பொருந்தணும்னு நான் வாடகை வீட்டுல உக்காந்திருக்கேன்."

நான் என் தொழில் மொழியில் ஒரு சமரசம் சொன்னேன். மேற்படி மனையில் வடகிழக்கு மூலை நீங்கலாக மீதியில் வேலையைத் தொடங்குவது. வெள்ளிக்கிழமை குத்தலி பூஜை, அதாவது நம் ஊர் பூமி பூஜை, குறித்த நேரத்தில் நடப்பது. ஈசானிய மூலையை முதல் மழை வரை யாரும் தொடாதிருப்பது. மழைக்குப் பிறகு ஆண் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே சம்ப். இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் திருப்தி இல்லை. நல்ல சமரசத்துக்கு அதுதான் அடையாளம் என்று நினைத்துத் தூங்கினேன்.

வியாழக்கிழமை வடிவோடு அல்சூருக்குப் பூஜை சாமான் வாங்கப் போனேன். அங்கே, வடிவிடம் நான் தொடங்கியிருந்த கன்னடப் பயிற்சி நின்றுபோயிற்று. பூக்காரி தமிழ், பூசணிக்காய்க்காரர் தமிழ், எங்களை இடித்துவிட்டு "கண்ணு தெரியலியா?" என்று எங்களையே கேட்டவரும் தமிழ். ஏரிக்கரைக் காற்று குளிர்ந்து வந்தது. வாழைப்பழம் மட்டும் நம் ஊர்ப் பழத்துக்குப் பக்கத்தில் வராது. அதை நான் சொல்ல, பழக்காரர், "அப்ப ஊர்லயே சாப்ட்டுட்டு வந்திருக்கலாமே" என்றார்.

எல்லாம் வாங்கி முடித்த பிறகு வடிவு ஒரு இரும்புச் சாமான் கடையில் ஏறினாள். பித்தளைத் தாழ்ப்பாள் காட்டச் சொன்னாள். ஒவ்வொன்றாக இழுத்து, தள்ளி, சத்தம் கேட்டுப் பார்த்தாள். கடைக்காரர், "எந்தக் கதவுக்கும்மா? கதவு என்ன கனம்?" என்றார்.

"கதவு இனிமேதான்."

"வீடு எங்க?"

"வீடும் இனிமேதான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பூசணிக்காயைப் பார்த்தேன். இருப்பதில் கனமான தாழ்ப்பாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் வரும்போது, "எத்தனை வீடு மாறிட்டோம் தெரியுமா? எல்லாரும் நல்லவங்கதான்" என்றாள். "எல்லார்கிட்டயும் ஒரு சாவி இருக்கும். குளிச்சிட்டு வந்தா ஹால்ல உக்காந்திருப்பாங்க. தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்து குடுக்கத்தான் வந்திருப்பாங்க, என்ன சொல்ல முடியும்? எனக்கு மாடி வேண்டாம், பால்கனி வேண்டாம். உள்ள இருந்து பூட்டிக்கிற மாதிரி ஒரு கதவு போதும்."

எனக்கு அந்தப் புல் நினைவுக்கு வந்தது. அவள் அதுவரை ஒரு தடவைகூட அந்தக் கரைப் பக்கம் போய்ப் பார்க்காதவள். பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயந்திருப்பாளோ என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை பூஜை ஒழுங்காக நடந்தது. தாழ்ப்பாளையும் தட்டில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டார்கள். சாஸ்திரிகள் ஈசானியத்தில் முதல் மண்ணை வெட்டச் சொன்னபோது லோகநாதன் கடப்பாரையை வாங்கி, கரையிலிருந்து தள்ளி, தோசைக்கு எண்ணெய் விடுகிற பக்குவத்தில் ஒரு குத்துக் குத்தினார். சாஸ்திரிகள் போதும் என்றார். அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு லோகநாதன் கிளம்பினார். போகும்போது, "மச்சான், மூலையைப் பாத்துக்குங்க" என்றார்.

நானும் வடிவும் மட்டும். வேறு வேலை இல்லாததால் அவள் தானாகவே கரைப் பக்கம் வந்தாள். "எங்க இருக்கா உங்க மகாராணி?" என்றாள். நான் பிறையைக் காட்டினேன். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்கு ஆன நேரத்தை நான் சொல்லவில்லை. பூஜைத் தட்டிலிருந்த தர்ப்பையில் ஒன்றை எடுத்து நெம்பினாள். உள்ளேயிருந்து இழுத்த இழுப்பில் தர்ப்பை நடுங்கியது.

வடிவு கையை எடுத்துக்கொண்டாள். "உள்ள இருந்து பிடிச்சுக்கிட்டிருக்கா" என்றாள். எழுந்து போய், சைட்டின் மறுகோடியில் விளக்கையும் தட்டையும் கட்டத் தொடங்கினாள்.

அப்போதுதான் மண் சாலையில் ஜேசிபி வந்தது. அது மறுநாள் வர வேண்டியது. மேஸ்திரி வந்து கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகு வர வேண்டியது. வேறொரு இடத்து வேலை தள்ளிப்போனதால் இன்றே அனுப்பிவிட்டார்கள். ஓட்டுநர் இளைஞர். இயந்திரத்தை நிறுத்தாமலே தலையை நீட்டி, "எல்லி சார்?" என்றார்.

நான் தயாராக இருந்தேன். முதல் நாள் ஆட்டோவில் பட்ட அவமானத்துக்குப் பிறகு வடிவிடம் சில சொற்களைக் கேட்டுப் பாடம் பண்ணியிருந்தேன். இல்லி என்றால் இங்கே. மனெ என்றால் வீடு. மனையல்ல, வீடு. இதை மறக்கக்கூடாது என்று பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். ஆகவே ஈசானிய மூலைக்கு ஓடிப்போய் நின்று, கரையை இரண்டு கையாலும் காட்டி, இங்கே ஒரு குடியிருப்பு இருக்கிறது, வராதே என்ற பொருளில், உரக்க, தெளிவாக, "இல்லி மனெ! மனெ!" என்றேன்.

ஓட்டுநர் கட்டை விரலை உயர்த்தினார். ஜேசிபி நேராக என்னை நோக்கி வந்தது.

நான் இன்னும் பலமாக, "மனெ! மனெ!" என்றேன். அவர் இன்னும் உற்சாகமாக வந்தார். வேண்டாம் என்பதற்கு ஒரு சொல் இருந்தது. அதைத் தேடினேன். அது ஒரு பால் இனிப்பின் பெயர் போல இருக்கும் என்பது வரைக்கும் நினைவுக்கு வந்தது. எந்த இனிப்பு என்பது வரவில்லை; 'பேடா' என்று ஊருக்குத் திரும்பும் பேருந்தில்தான் வந்தது. இரும்புக் கை என் தலைக்கு மேல் போய், பக்கெட் கரையின் ஓரத்தில் இறங்கியது.

"ஏ நிறுத்துல! நிறுத்து! உள்ள ஆளு இருக்கு!"

வடிவு. இத்தனை வருடப் பெங்களூரும் கழன்று விழுந்து, வாய்க்கால் கரையில் மாட்டை விரட்டுகிற குரலில் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். கையில் பித்தளைத் தாழ்ப்பாள்.

பக்கெட் அப்படியே நின்றது. ஓட்டுநர் வெளுத்த முகத்தோடு குதித்து இறங்கி, பக்கெட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "ஆளா? எங்கம்மா ஆளு? யாரும்மா?"

"தமிழா?" என்றேன் நான்.

"செங்கம் பக்கம் சார். நீங்க தமிழா? நான் உங்கள கன்னடக்காரர்னு இல்ல நெனச்சேன்!"

"பின்ன எல்லின்னு கேட்டியேப்பா?"

"அது ஒண்ணுதான் சார் தெரியும். வந்து மூணு மாசம்தான் ஆவுது."

"நான்தான் வேண்டாம்னு அவ்வளவு கத்தினேனே!"

"எங்க சார் வேண்டாம்னீங்க? மனை, மனைன்னு கை காட்டுனீங்க. சரி, இதான் மனை, இங்க ஆரம்பிக்கச் சொல்றாருன்னு வந்தேன்."

என் வாழ்நாள் முழுக்க நான் எழுதிவந்த பொருளில்தான் அவர் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டிருந்தார். நான்தான் வேறு ஊர் அர்த்தத்தில் சொல்லிவிட்டேன். தமிழ் தெரிந்த இருவர் நின்றுகொண்டு, தெரியாத கன்னடத்தில் ஒருவரை ஒருவர் முழுமையாக நம்பியிருக்கிறோம்.

பக்கெட்டின் பல் கரையின் ஓரத்தைச் சீவியிருந்தது. ஆறு கதவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழாவதன் மேல்பாதி மண்ணோடு போய்விட்டது. வெட்டுப்பட்ட மண்ணில் வெள்ளைப் பட்டுக் குழாய் ஒன்று, குழந்தையின் காலுறையை உள்ளே செருகி வைத்ததுபோல, வாய் திறந்து கிடந்தது. ஓட்டுநர் கைபேசி வெளிச்சத்தை அதற்குள் அடித்தார். அடியில் கறுப்பாக, பளபளப்பாக ஏதோ பின்வாங்கியது.

"இதுக்காம்மா இவ்ளோ சத்தம்?"

"இது அவ வீடு."

ஓட்டுநர் மறுபடி வெளிச்சத்தை உள்ளே அடித்தார். "தனி வீடு, தனிக் கதவு" என்றார். "பொம்மனஹள்ளில நாங்க ஆறு பேரு ஒரே ரூம்ல கெடக்கறோம். இது நம்மள விட வசதியாத்தான் இருக்குது."

அந்த நேரத்தில் லோகநாதன் திரும்பி வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தினார். பக்கெட்டைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடையை விரித்து, உடைந்த வளைக்கு நிழல் விழும்படி மண்ணில் நட்டுவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மன்னிப்பைத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

வடிவுதான் பேசினாள். எங்களிடம் இல்லை, ஓட்டுநரிடம்.

"தம்பி, சம்ப்பு இங்க வேண்டாம். வடக்கு மத்தியில தோண்டணும். மேஸ்திரி வந்தா நான் சொல்லிக்கிடுதேன்."

லோகநாதன் தலையைத் தூக்கினார். "வடிவு, ஈசானியம்?"

"வடக்குலயும் தண்ணி வைக்கலாம்னு சாஸ்திரி சொல்லியிருக்காரு. நான்தான் ஒத்துக்கலை. ஈசானியத்துல குடியிருக்கிறவளைக் கிளப்பிட்டு எதை வச்சாலும் விளங்காது."

"மழைக்கு அப்புறம்?"

"மழைக்கு அப்புறமும்தான். அவ இருக்கிற வரைக்கும்."

"வடக்குல என் ஸ்கூட்டர் ஷெட்டு வருதே" என்றார் லோகநாதன் மெதுவாக.

"தெருவுல நிறுத்துங்க. பெங்களூரே அங்கதான நிறுத்துது."

ஓட்டுநர் தெற்கு ஓரமாகப் புதர்களை வாரத் தொடங்கினார். கரையைக் கடக்கும்போதெல்லாம் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, தூங்குகிற பிள்ளையைத் தாண்டுகிறவர் போலப் போனார். எனக்கு இனி அங்கே வேலை இல்லை. மறுநாள் பேருந்து ஏறினேன். ஆட்டோ ஓட்டுநர் மனெ எல்லி என்று கேட்டிருந்தால் இந்தத் தடவை சரியாகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் ஆனபிறகு, ஒரு சாயங்காலம் வடிவின் அழைப்பு வந்தது. பின்னால் மழைச் சத்தம். நான் ஒரு மனைப் பத்திரத்தில் கிழக்கு எல்லையை எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்தேன்.

"அண்ணே, வாசக்கால் வைக்க நாள் பாத்தாச்சு. நீ வந்துரணும். தாழ்ப்பாளை நீதான் எடுத்துக் குடுக்கணும்."

"வந்துருதேன். உடைஞ்ச வீட்டுக்காரி என்ன ஆனா?"

"அவளா? அவ நமக்கு முந்தியே கதவு வச்சிட்டா. பழசைவிடப் பெருசு."

"மாப்பிள்ளை எங்க?"

"ரெண்டு மாப்பிள்ளையும் என் முன்னாலதான் மழையில நிக்காங்க. ஒருத்தருகிட்ட குடை இருக்கு, விரிக்க மறந்துட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள், யாருக்கோ தொந்தரவாகிவிடக் கூடாது என்பதுபோல. "இன்னொருத்தன் இப்பத்தான் கரை மேல ஏறி வந்தான், அண்ணே. இத்தனூண்டு. முன்னங்காலால கதவைத் தட்டுதான். தட்டிட்டு, நிக்கான். அவ திறக்கலை. மறுபடி தட்டுதான். நம்ம ஜெயம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டணும்."